கைபேசியில் வந்த வைத்தியம்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், சுகாதாரத் துறையில் பணிபுரியும் பழைய மாணவியர் சார்பில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்களாகவும் தாதியராகவும் குடும்ப நல உத்தியோகத்தர்களாகவும் வேலை செய்யும் பழைய மாணவியர் சார்பில் பேசுமாறு சங்கத்தார் கேட்டபோது, இந்தக் கல்லூரி எங்களை எப்படி ஆளாக்கியது என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். அதை எங்களைவிட நன்றாகச் சொல்ல இந்த மேடையில் பலர் இருக்கிறார்கள். ஆகவே, கொவிட் காலத்தில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரு வேலையைப் பற்றியும், அதில் நாங்கள் விட்ட ஒரு பிழையைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். கையில் ஒரு கைபேசி வைத்திருக்கும் எவரும் அந்தப் பிழையை விடக்கூடும் என்பதால், இதை உங்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறோம்.

2020 ஜனவரி 27 ஆம் திகதி, சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணிக்கு இலங்கையில் முதன்முதலாகக் கொவிட் கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச் 11 இல் உள்நாட்டவர் ஒருவருக்கு நோய் உறுதியானது. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. நகரங்களில் கடைகள் மூடின, பாடசாலைகள் மூடின. ஆனால் தேயிலைத் தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, இராகலை என்று எங்கும் காலையில் பெரட்டு நடந்தது, பெண்கள் கொழுந்துக்குப் போனார்கள். மாலையில் லயத்துக்குத் திரும்பி, காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொண்டதும் அதே பெண்கள்தான்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என்றால் நம் தோட்டங்களில் யார் என்பது உங்களுக்குத் தெரியும். தாய் மலைக்குப் போனால் கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில் இருக்கும். தாய் மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போயிருந்தால் பிள்ளைகளை வளர்ப்பவர் அம்மாயி. படுக்கையில் விழுந்த மாமனாரைப் பார்ப்பவர் மருமகள். இவர்களில் பலருக்குச் சொந்தமாகக் கைபேசி இல்லை. வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதுவும் மகனுடையதாக இருக்கும். கொழும்பிலிருந்து திரும்பி வந்த மகன் அதைத் தந்தால் பேரப்பிள்ளை எடுத்து வாசித்துக் காட்டும். அதே கைபேசியில்தான் அந்தப் பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்பும் நடக்க வேண்டும். சிக்னல் கிடைக்காமல் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறியதை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்து எடுக்கப்படும் கணினி அறிவுக் கணக்கெடுப்புகளில் தோட்டத்துறைதான் எப்போதும் கடைசியில் நிற்கிறது.

ஆகவே ஒரு செய்தி நோயாளியின் பாய்க்குப் பக்கத்தில் வந்து சேர்வதற்கு முன் நாலு கை மாறியது. டொரொன்டோவில் இருக்கும் ஒருவர் அன்போடு அனுப்புவார். கொழும்பில் இருக்கும் அவருடைய மச்சான் அதைத் தோட்டத்துத் தம்பிக்குத் தள்ளிவிடுவார். தம்பியிடமிருந்து பேரப்பிள்ளைக்கு, பேரப்பிள்ளையிடமிருந்து அம்மாயிக்கு. கடைசியில் அம்மாயி கேட்கும்போது அதை முதலில் சொன்னவர் யார், எந்த ஊர்க்காரர், எப்போது சொன்னார் என்பது ஒன்றும் இருக்காது. "வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பியது" என்ற மதிப்பு மட்டும் மிஞ்சும்.

மொழியும் ஒரு பெரிய காரணம். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. ஆனாலும் நோய்க் காலத்தில் பல அறிவித்தல்கள் முதலில் சிங்களத்தில்தான் வந்தன, தமிழ் பின்னால் நடந்து வந்தது. அந்த இடைவெளி வெறுமையாக இருக்கவில்லை. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியும் யூடியூப்பும் அதை நிரப்பின. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் நீலகிரிக்குப் போன நம் உறவுகள் கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வட்ஸ்அப்பில் அனுப்பியவையும் அதை நிரப்பின. கபசுரக் குடிநீர் குடியுங்கள் என்றார்கள். வெளியே போக ஈ-பாஸ் எடுங்கள் என்றார்கள். காய்ச்சல் என்றால் 104 க்கு அழையுங்கள் என்றார்கள். 104 தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண். அங்கே அது சரியான, பயனுள்ள தகவல். நோர்வூட்டில் இருந்துகொண்டு அந்த எண்ணை அழுத்தும் அம்மாயிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். தோட்டத்துச் சனத்துக்கு விளங்காது என்பார்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒரு பாணி கொடுக்கிறார்கள், அதைக் குடித்தால் கொரோனா வராது என்று செய்தி பரவியபோது, சுகாதார விதிகளையும் பாராமல் அங்கே ஆயிரக்கணக்கில் போய் நின்றவர்கள் தோட்டத்துச் சனம் அல்ல. அப்போதைய சுகாதார அமைச்சரே அதை எல்லோரும் பார்க்கக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொவிட் உறுதியானது. படித்தவருக்கும் பதவியில் இருந்தவருக்கும் நேர்ந்தது அது. வீட்டில் ஒருவர் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது, தன் மொழியில், தைரியமாக, ஒரு வழி சொல்பவரை மனிதர் நம்பத்தான் செய்வார்கள். உலக சுகாதார அமைப்பின் தலைவர் 2020 பெப்ரவரியிலேயே, நாம் ஒரு நோயோடு மட்டுமல்ல, தவறான தகவல்களின் பெருந்தொற்றோடும் போராடுகிறோம் என்று எச்சரித்தார். நாங்கள் அதை வாசித்தோம். எங்கள் வேலை பொய்ச் செய்திகளை மறுப்பது என்று மட்டும் விளங்கிக்கொண்டோம். அங்கேதான் எங்கள் பிழை தொடங்கியது.

2020 ஏப்ரலில் எங்களில் சிலர் சேர்ந்தோம். சில வைத்தியர்கள், தாதியர், ஒரு குடும்ப நல உத்தியோகத்தர், இரண்டு ஆசிரியைகள். எல்லோரும் இந்தக் கல்லூரியின் மாணவியர். எழுத்தை வாசிக்காதவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று, நம் மலையகப் பேச்சிலேயே ஒரு குரல் பதிவு செய்தோம். நாலு நிமிடம். கை கழுவுவது, மூக்கையும் வாயையும் மூடுவது, கொத்தமல்லி அவித்துக் குடிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அது மருந்தும் இல்லை என்பது. பிறகு, "சாதாரணத் தடிமல், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வராதீங்க, வீட்டிலயே இருந்து முதல்ல போன்ல கேளுங்க" என்றோம். அந்த நேரத்தில் அது சரியான ஆலோசனைதான். எங்கள் பகுதியில் அப்போது நோய் அபூர்வம். வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் சேர்ந்தால் அங்கேயே தொற்றும் என்ற பயம் இருந்தது. எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும் என்பதையும் சொன்னோம். அது நாலாவது நிமிடத்தில் வந்தது.

அந்தப் பதிவு நாங்கள் எதிர்பாராத அளவுக்குப் பரவியது. இராகலையில் பேசியவர்கள் கேட்டோம் என்றார்கள், பண்டாரவளையில் கேட்டோம் என்றார்கள். எங்களுக்குப் பெருமை.

2021 ஆகஸ்ட் மாதம் வந்தது. டெல்டா வகைத் தொற்று. வாட்டுகள் நிரம்பி வழிந்தன. ஆகஸ்ட் 20 இரவு முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மீண்டும் மூடப்பட்டது. அந்த நாட்களில் ஒரு மருமகள் தன் மாமனாரை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தாள். அவருக்குச் சீனி வியாதி. ஆறு நாள் காய்ச்சல். பெனடோல் கொடுத்திருக்கிறாள், கஞ்சி கொடுத்திருக்கிறாள், இரவிரவாகக் காலைப் பிடித்துவிட்டிருக்கிறாள். பெரியவர் மூச்சு முட்டுகிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த நோயின் குணம் அது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கிக்கொண்டே போகும், ஆள் பேசிக்கொண்டும் இருப்பார். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தபோது 95 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டிய அளவு 70 ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

அன்று அவள் அழவில்லை. கைபேசியை எடுத்து எங்கள் முன் ஒலிக்கவிட்டாள். "டொக்டர் மிஸ், இது ஒங்க கொரல்தானே? ஓடி வராதீங்கன்னு நீங்கதானே சொல்றீங்க? இப்ப கிட்டடியிலதான் வந்துச்சு" என்றாள். எங்கள் குரல்தான். பதினாறு மாதத்துக்கு முந்திய குரல். வட்ஸ்அப்பில் ஒரு பதிவை யார் மறுபடி அனுப்பினாலும், அனுப்பிய நாள்தான் தெரியும், பேசிய நாள் தெரியாது. அவளுக்கு அது நேற்றுச் சொன்னது மாதிரி. டேட்டா தீர்ந்துவிடும் என்று இரண்டு நிமிடத்தோடு நிறுத்தியிருக்கிறாள். நாலாவது நிமிடத்துக்கு அவள் போகவே இல்லை.

முன்னரே வந்திருந்தால் அவர் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று எந்த வைத்தியரும் உறுதி தர முடியாது. ஆனால் அந்த ஆறு நாளில் மூன்று நாளாவது எங்களால் போனது. பொய்ச் செய்தியை எதிர்க்கப் புறப்பட்டவர்களின் உண்மைச் செய்தி, காலம் கடந்ததால் பொய்யாகி, ஒரு வீட்டில் போய் உட்கார்ந்திருந்தது. அந்த மருமகள் செய்தது எல்லாம் சரி. நம்பத் தகுந்த ஆளைத் தேடினாள், தன் மொழியில் பேசும் வைத்தியரைக் கண்டுபிடித்தாள், சொன்னபடி நடந்தாள். பிழை எங்கள் பக்கம்.

அதற்குப் பிறகு எங்கள் வேலையை மாற்றினோம். முதலில் பழைய பதிவைத் திருப்பி வாங்க முயன்றோம். அனுப்பிய செய்தியைத் திருப்பி வாங்க முடியாது என்பதால், அதே குரலில் புதிதாக ஒன்று பேசினோம்: "இன்னைக்கு 2021 செப்டெம்பர் 2, வியாழக்கிழமை. அட்டன்ல இருந்து பேசுறோம். போன வருசம் நாங்க சொன்னது இப்பப் பொருந்தாது, அத அழிச்சிருங்க. வயசானவங்க, சீனி, பிரசர் உள்ளவங்களுக்குக் காய்ச்சல்னா காத்திருக்காதீங்க." முப்பது வினாடி. கோயில் ஒலிபெருக்கியில் போடச் சொன்னோம், பெரட்டுக்களத்தில் போடச் சொன்னோம். கைபேசி இல்லாத வீட்டுக்கும் போக வேண்டுமே. வீட்டில் வைத்துப் பார்க்கப்படும் நோயாளிகளுக்காக அரசாங்கம் அப்போது நடத்திய 1390 என்ற எண்ணையும், இலவச அம்பியூலன்சுக்கான 1990 ஐயும் கடைசியில் சொன்னோம்.

இரண்டாவதாக, ஆபத்தான அறிகுறிகளை எப்போதும் முதல் வசனத்தில் வைத்தோம். மூன்றாவதாக, ஒரு பதிவில் ஒரு விஷயம் மட்டும். நாலாவது மாற்றம்தான் முக்கியமானது. ஒவ்வொரு நாளும் மாலை 7 முதல் 8 வரை, எங்களில் ஒருவர் முறைபோட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தோம். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். யாரும் எங்களைத் திருப்பிக் கேட்க வழி வைக்கவில்லை.

கேள்விகள் வரத் தொடங்கியதும்தான் நாங்கள் எவ்வளவு தூரம் தள்ளிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது விளங்கியது. வைரஸ் என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு நோய் என்றால் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுக்கலாம், கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுங்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தது. அது அந்தத் தாய்மாரை வந்து சேரவில்லை. பி.சி.ஆர். எடுத்தால் என்னைக் கூட்டிப் போய்விடுவார்களா, பிள்ளை யாரிடம் இருக்கும் என்று கேட்டார்கள். நம் பூட்டன் பூட்டிமார் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பிறகுதான் இந்தத் தீவுக்கு வந்தார்கள். தனிமைப்படுத்தல் என்ற சொல் புதிது, பிரித்துக் கொண்டுபோவார்கள் என்ற பயம் புதிதல்ல.

இன்னொருவர் கேட்டது இன்னும் மறக்கவில்லை. முதல் ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு நாட்டில் செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு. "எங்க லயத்துக்கு வெலாசம் இல்லியே மிஸ், கடுதாசி ஒப்பீசுக்குத்தானே வரும், ஒப்பீசு பூட்டியிருந்தா அம்மாவோட பிரசர் மருந்து எங்க போகும்?" என்று ஒரு மகள் கேட்டாள். வீட்டுக்கு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கேள்வி அது. எங்கள் குரல் பதிவு எதிலும் அதற்குப் பதில் இல்லை. தபால் ஊழியரிடமும் தோட்டத்து உத்தியோகத்தரிடமும் பேசி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு வழி பார்க்க வேண்டியிருந்தது.

கைபேசியைக் குறை சொல்லி இந்த உரையை முடிக்க நாங்கள் விரும்பவில்லை. அதே கைபேசி ஓர் உயிரைக் காப்பாற்றியதையும் பார்த்தோம். பிள்ளைக் காம்பரா அக்கா ஒருவர், ஏழு மாதக் குழந்தையின் நெஞ்சை வீடியோ எடுத்து மாலை நேரத்தில் அனுப்பினார். "சளிதான்னு சொல்றாங்க, எனக்கு மனசு கேக்கல" என்று கூடவே ஒரு வரி. நாங்கள் எண்ணிப் பார்த்தோம். நிமிடத்துக்கு 56 மூச்சு. இரண்டு மாதம் முதல் பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பச்சைக் குழந்தைக்கு 60. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உடனே 1990 க்கு எடுக்கச் சொன்னோம். தோட்டத்து ரோட்டில் வண்டி இறங்காது என்று பிரதான வீதிவரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிமோனியா. கொவிட் அல்ல. பத்து நாளில் வீட்டுக்குப் போனது.

அங்கே வேலை செய்தது கைபேசியா? பாதிதான். குழந்தையைப் பார்த்துக்கொண்டவருக்கு மனம் கேட்கவில்லை. அதைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் இருந்தது. அந்த ஆள் பதில் சொன்னது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் தகவல் உதவியாகிறது. முன்பு சொன்ன அந்த மருமகளுக்கும் ஆறு நாளும் மனம் கேட்காமல்தான் இருந்திருக்கும். அவளிடம் ஒரு குரல் இருந்தது, ஆனால் அது பதில் சொல்லாத குரல்.

கடல் கடந்து இருக்கும் நம் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். இலண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்னிலும் சென்னையிலும் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அம்மாவை நீங்கள் கைபேசி மூலமாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். உங்கள் செய்திக்கு அங்கே பெரிய மதிப்பு இருக்கிறது. அதனால்தான் கேட்கிறோம். ஒரு சுகாதாரச் செய்தியைத் தள்ளிவிடுவதற்கு முன், இது எந்த நாட்டுக்குச் சொன்னது, எப்போது சொன்னது என்று பாருங்கள். தெரியாவிட்டால் அனுப்ப வேண்டாம். அதற்குப் பதிலாக ஓர் அழைப்பு எடுங்கள். "மிட்வைஃப் என்ன சொன்னாங்க? கிளினிக் என்னைக்கு?" என்று கேளுங்கள். அம்மா சொல்வதைக் கடைசிவரை கேளுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் தங்கைக்கோ அண்ணிக்கோ மாதம் ஒரு சின்ன டேட்டா ரீலோட் போட்டுக் கொடுங்கள். நீங்கள் அனுப்பும் நூறு வீடியோவைவிட அது உதவும்.

ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கொவிட் அடங்கிவிட்டது. டெங்கு வரும், வேறொரு காய்ச்சல் வரும். அப்போது தமிழில் முதலில் பேசுவது யார்? யாரோ ஓர் ஊரின் யூடியூப்காரரா, நாமா? ஒவ்வொரு தோட்டப் பகுதிக்கும், கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு பழைய மாணவி இருந்தால் போதும். வைத்தியராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆசிரியையாக இருக்கலாம், கிராம உத்தியோகத்தராக இருக்கலாம், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவராக இருக்கலாம். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் கேட்டுத் திரும்பி வந்து சொல்பவராக இருந்தால் சரி. இந்த நூற்றாண்டு ஆண்டில் சங்கம் அப்படி ஒரு பெயர்ப்பட்டியலைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்கள் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆறாம் வகுப்பில் நமக்குக் கடிதம் எழுதப் படிப்பித்தார்கள். தாளின் வலது பக்க மேல் மூலையில் முதலில் இடம், அதன் கீழ் திகதி. அது இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் இரண்டு புள்ளி குறையும். ஏன் டீச்சர் இவ்வளவு கண்டிப்பு என்று அப்போது முணுமுணுத்தோம். பட்டம் எல்லாம் வாங்கிய பிறகு, ஓர் உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தியில் அந்த இரண்டையும் எழுத மறந்தோம். அந்தப் பாடத்தைப் படிப்பித்த ஆசிரியைகளில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். டீச்சர், இனி மறக்க மாட்டோம்.